லினக்ஸ் மெய்நிகர் கணினியில் வட்டைப் பெரிதாக்குதல்: முழுமையான வழிகாட்டி

மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரின் மேலாண்மைத் திரையில் வட்டின் அளவை 40 ஜிபியிலிருந்து 80 ஜிபியாக மாற்றிவிட்டு, லினக்ஸுக்குள் நுழைந்து, வட்டிடத்தைக் காட்டும் ‘டிஎஃப் -ஹெச்’ கட்டளையைக் கேட்டால், பெரும்பாலும் அது பழைய எண்ணையே காட்டும். அது பிழையன்று. மெய்நிகர் வட்டுக்கும் நாம் கோப்புகளை எழுதும் அடைவுக்கும் இடையே பல அடுக்குகள் இருக்கின்றன. வெளி அடுக்கில் கூட்டிய இடம் தானாக உள்ளே இறங்கி வருவதில்லை. ஒவ்வொரு அடுக்கிடமும் தனித்தனியாகச் சொல்லி, அது கேட்டுக்கொண்டதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். இந்த வேலையில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை, இடம் எந்த அடுக்கில் நின்றுவிட்டது என்று பார்க்காமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை வரிசையாக ஓட்டுவதால் வருபவை.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ரூட் (நிர்வாகி) உரிமை தேவை என்பதால், ஒவ்வொன்றின் முன்னும் ‘சூடோ’ இருப்பதாகக் கொள்ளுங்கள்.

அடுக்குகளை அறிதல்

வெளியிலிருந்து உள்ளே வந்தால், முதலில் இருப்பது ஹைப்பர்வைசர் வைத்திருக்கும் வட்டுக் கோப்பு அல்லது மேகக்கணினி வழங்கும் வால்யூம். இரண்டாவது, அதை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பார்க்கும் விதம்: எஸ்டிஏ, விடிஏ, என்விஎம்இ0என்1 போன்ற சாதனப் பெயர்களில் ஒன்று. மூன்றாவது, வட்டைப் பிரித்து அமைத்த பகுதியான பார்ட்டிஷன். வட்டிடத்தை நெகிழ்வாகப் பங்கிட உதவும் எல்விஎம் பயன்படுத்தப்பட்டிருந்தால், அதற்குள் இயற்பியல் வால்யூம், வால்யூம் குழு, தருக்க வால்யூம் என்று மூன்று நிலைகள் வரும். கடைசியாக இருப்பது இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை. மறையாக்கம் செய்யப்பட்ட அமைப்பாக இருந்தால் பார்ட்டிஷனுக்கும் எல்விஎம்முக்கும் நடுவே லக்ஸ் என்ற இன்னோர் அடுக்கு இருக்கும்.

உங்கள் கணினியில் இவற்றில் எவை இருக்கின்றன என்பதை ‘எல்எஸ்பிஎல்கே’ என்ற ஒற்றைக் கட்டளை மரவடிவில் காட்டிவிடும். உபுண்டு சர்வரின் நிறுவியைக் கொண்டு 40 ஜிபி வட்டில் எல்விஎம்முடன் நிறுவிய ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். எஸ்டிஏ 40 ஜிபி என்றிருக்கும். அதன்கீழ் 1 எம்பி அளவில் எஸ்டிஏ1, பூட் அடைவுக்கான 2 ஜிபியில் எஸ்டிஏ2, மீதம் 38 ஜிபியில் எஸ்டிஏ3 ஆகியவை வரும். எஸ்டிஏ3-இன்கீழ் ‘உபுண்டு--விஜி-உபுண்டு--எல்வி’ என்ற தருக்க வால்யூம் இருக்கும். ஆனால் அதன் அளவு 19 ஜிபி மட்டுமே. எஞ்சிய 19 ஜிபி தொலைந்துபோகவில்லை. நடுத்தர அளவுள்ள வட்டுகளில் வால்யூம் குழுவின் பாதியை மட்டும் ரூட்டுக்கு (எல்லா அடைவுகளுக்கும் மூலமான கோப்பு முறைமைக்கு) கொடுத்துவிட்டு மறுபாதியைப் பிற்காலத் தேவைக்கென ஒதுக்காமல் விட்டுவைப்பது அந்த நிறுவியின் இயல்பு. எனவே இத்தகைய கணினியில் இடம் போதவில்லை என்றால், வட்டைத் தொடும் முன்பே ‘விஜிஎஸ்’ கட்டளையை ஓட்டி, கடைசி நெடுவரிசையில் காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹைப்பர்வைசர் பக்கம் போகவே தேவையில்லை. எல்விஎம் பகுதிக்கு நேரே செல்லலாம்.

பெரிதாக்கும் முன் பார்க்க வேண்டியவை

வட்டு நிரம்பிவிட்டது என்ற செய்தி வந்தவுடனே பெரிதாக்கக் கிளம்புவது சரியன்று. வட்டைப் பெரிதாக்குவது எளிது; சுருக்குவது மிகக் கடினம், பல இடங்களில் இயலவே இயலாது. ஆகவே உண்மையில் எது நிரம்பியிருக்கிறது என்று முதலில் கண்டறியுங்கள். ‘டியூ -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 /’ என்ற கட்டளை, வேறு கோப்பு முறைமைகளுக்குள் தாவாமல், ரூட்டின் கீழுள்ள ஒவ்வோர் அடைவும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கணக்கிடும். கணினியின் நிகழ்வுக் குறிப்புகளான ஜர்னல் பதிவுகள் குவிந்திருந்தால் ‘ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=500எம்’ என்று ஓட்டி, பழைய கோப்புகளை நீக்கிப் பதிவுகளை ஏறத்தாழ 500 எம்பி அளவுக்குக் கொண்டுவரலாம்.

டிஎஃப் சொல்லும் எண்ணும் டியூ சொல்லும் எண்ணும் பெரிதும் முரண்பட்டால், அழிக்கப்பட்ட கோப்பொன்றை ஏதோ ஒரு செயல்முறை இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அதைக் காட்டிக்கொடுக்கும், அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவிடும். இன்னொரு சாத்தியமும் உண்டு: இடம் நிறைய இருந்தும் ‘இடமில்லை’ என்ற பிழை வந்தால் ‘டிஎஃப் -ஐ’ என்று கேட்டு ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைக்கும் பதிவுகள்) தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். இஎக்ஸ்டி4-இல் ஐநோடுகளின் எண்ணிக்கை கோப்பு முறைமையை உருவாக்கும்போதே நிர்ணயிக்கப்படுகிறது. அதைப் பெரிதாக்கும்போது கூடவே ஐநோடுகளும் அதே விகிதத்தில் கூடும் என்றாலும், லட்சக்கணக்கான சிறு கோப்புகளைக் குவித்துக்கொண்டிருக்கும் நிரலைத் திருத்துவதே அங்கே சரியான தீர்வு.

பெரிதாக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், காப்புப் பிரதி எடுங்கள். இந்தப் படிகளில் எதுவும் தரவை அழிக்கும் நோக்கமுடையதன்று. ஆனால் பார்ட்டிஷன் அட்டவணையில் ஓர் எண் தவறாக எழுதப்பட்டால் மொத்த வட்டும் படிக்க முடியாமல் போகும். ‘எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ’ என்று கொடுத்தால் பார்ட்டிஷன் அட்டவணை எளிய உரையாக வெளிவரும். அதை ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை வேறு கணினிக்கு நகலெடுத்து வையுங்கள். அதே வட்டில் வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்க வழியிருக்காது.

காப்புக்கு ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) போதும் என்று பலர் கருதுகின்றனர். இங்கே ஒரு முரண் உள்ளது: விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் உள்ள மெய்நிகர் கணினியின் வட்டை அளவு மாற்ற முடியாது, அளவை எழுதும் பெட்டி மங்கலாகி நிற்கும். விர்ச்சுவல்பாக்ஸிலும் ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கும்போது அடிப்படை வட்டை மட்டும் பெரிதாக்கினால், கணினி உண்மையில் பயன்படுத்தும் கிளை வட்டுக்கு அந்த மாற்றம் போய்ச்சேராது. எனவே முழு நகல் அல்லது தனிக் காப்புப் பிரதி எடுத்து, ஸ்னாப்ஷாட்டுகளை ஒன்றிணைத்து நீக்கிய பிறகு தொடங்குவதே பாதுகாப்பானது.

முதல் அடுக்கு: மெய்நிகர் வட்டு

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் சூழலில் கணினி அணைக்கப்பட்டிருந்தால் ‘கியூஎமு-ஐஎம்ஜி ரீசைஸ்’ என்ற கட்டளைக்கு வட்டுக் கோப்பின் பெயரையும் ‘+40ஜி’ என்ற கூடுதலையும் கொடுத்தால் போதும். கூட்டல் குறியை விட்டுவிட்டால் அந்த எண் புதிய மொத்த அளவாகக் கொள்ளப்படும் என்பதை மறக்க வேண்டாம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கட்டளையை அந்தக் கோப்பின்மீது ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அப்போது ‘விர்ஷ் பிளாக்ரீசைஸ்’ என்பதற்குக் கணினியின் பெயர், விடிஏ போன்ற இலக்கு, 80ஜி என்ற மொத்த அளவு ஆகியவற்றைத் தர வேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் ‘கியூஎம் ரீசைஸ் 100 ஸ்கஸி0 +40ஜி’ என்பது போல எழுதலாம்; இதில் 100 என்பது மெய்நிகர் கணினியின் எண்.

விர்ச்சுவல்பாக்ஸில் கணினியை முழுமையாக அணைத்துவிட்டு ‘விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைமீடியம் டிஸ்க்’ கட்டளையின் ‘--ரீசைஸ்’ தேர்வைப் பயன்படுத்த வேண்டும். அதில் அளவு எம்பியில் கேட்கப்படுவதால் 80 ஜிபிக்கு 81920 என்று எழுத வேண்டும். விஎம்வேரில் கணினியின் அமைப்புகளைத் திறந்து வட்டின் எண்ணை மாற்றினாலே போதும். ஹைப்பர்-வியில் ஸ்கஸி கட்டுப்படுத்தியோடு இணைந்த விஹெச்டிஎக்ஸ் வட்டுகளை விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 தொட்டு ஓட்டத்திலேயே பெரிதாக்க முடிகிறது. ஐடிஇ கட்டுப்படுத்தியில் இருந்தால் அணைத்தாக வேண்டும். மேகக்கணினி வழங்குநர்களிடம் இது வால்யூமின் பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றும் வேலை; ஆனால் அங்கே கூட்டியதைக் குறைக்க இயலாது என்பதோடு, கூட்டிய இடத்துக்கு மாதந்தோறும் கட்டணமும் சேரும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். தேவைக்கேற்ப வளரும் வட்டுக் கோப்புகளில், விருந்தினர் கணினிக்கு 80 ஜிபி என்று சொல்வது ஒரு வாக்குறுதி மட்டுமே. ஹோஸ்டின் (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் கணினியின்) சேமிப்பகத்தில் உண்மையாக அவ்வளவு இடம் இல்லையென்றால், நள்ளிரவில் ஏதோ ஒரு காப்புப் பணி எழுதிக்கொண்டிருக்கும்போது ஹோஸ்ட் நிரம்பும். கேவிஎம்முடன் இயங்கும் கியூஎமு அந்த மெய்நிகர் கணினியை அப்படியே இடைநிறுத்தி வைக்கும். அதே சேமிப்பகத்திலுள்ள மற்றக் கணினிகளுக்கும் அதே கதி நேரும். பெரிதாக்கும் முன் ஹோஸ்டின் காலியிடத்தைப் பார்ப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

இரண்டாம் அடுக்கு: கர்னல்

கணினியை அணைத்துவிட்டுப் பெரிதாக்கியிருந்தால், துவங்கும்போதே கர்னல் புதிய அளவைக் கண்டுகொள்ளும். ஓட்டத்தில் பெரிதாக்கியிருந்தால் வட்டின் வகையைப் பொறுத்து அது மாறும். விர்ட்டியோ பிளாக் வட்டுகள் தாமாகவே அறிந்துகொள்ளும். ஸ்கஸி வட்டுகளிடம் பெரும்பாலும் நாம்தான் சொல்ல வேண்டும்: ‘எக்கோ 1’ என்பதை ‘/சிஸ்/கிளாஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/ரீஸ்கேன்’ என்ற கோப்புக்குள் திருப்பிவிட வேண்டும். இதற்குச் சூடோவை எக்கோவின் முன்னால் வைத்தால் அனுமதி மறுக்கப்படும்; ஏனெனில் கோப்பில் எழுதுவது எக்கோ அல்ல, சாதாரணப் பயனராக ஓடும் உங்கள் ஷெல். எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக ‘சூடோ டீ’ என்பதற்குக் கொடுத்தால் வேலை நடக்கும்.

பிறகு ‘டிஎம்இஎஸ்ஜி’ வெளியீட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள். புதிய கர்னல்களில், எஸ்டிஏவின் கொள்ளளவு 83886080-இலிருந்து 167772160 ஆக மாறியதைக் கண்டதாக ஒரு வரி இருக்கும். இவை வட்டின் 512 பைட் துண்டுகளான செக்டார்களின் எண்ணிக்கை. முதல் எண் 40 ஜிபி, இரண்டாவது 80 ஜிபி. இப்போது எல்எஸ்பிஎல்கே எஸ்டிஏவை 80 ஜிபி என்றும், அதன்கீழ் எஸ்டிஏ3-ஐ இன்னும் 38 ஜிபி என்றும் காட்டும். இடம் இப்போது பார்ட்டிஷனின் வாசலில் நிற்கிறது. எஸ்டிஏவே 40 ஜிபி என்று காட்டினால் அடுத்த படிக்குச் செல்வதில் பயனில்லை; ஹைப்பர்வைசரில் வேறு வட்டை மாற்றிவிட்டீர்களா என்று சரிபாருங்கள்.

மூன்றாம் அடுக்கு: பார்ட்டிஷன்

அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுவே. இதற்கு நான் பரிந்துரைக்கும் கருவி ‘க்ரோபார்ட்’. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இது கிளவுட்-கெஸ்ட்-யூட்டில்ஸ் என்ற பொதியிலும், ரெட் ஹாட் குடும்பத்தில் கிளவுட்-யூட்டில்ஸ்-க்ரோபார்ட் என்ற பொதியிலும் கிடைக்கிறது. முதலில் ‘க்ரோபார்ட் --டிரை-ரன் /டெவ்/எஸ்டிஏ 3’ என்று ஒத்திகை பாருங்கள். வட்டின் பெயருக்கும் 3 என்ற எண்ணுக்கும் நடுவே இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். எஸ்டிஏ3 என்று சேர்த்து எழுதினால் கட்டளை மறுத்துவிடும். ஒத்திகையில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அட்டவணை காட்டப்படும். அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பார்ட்டிஷனின் தொடக்க செக்டார் மாறாமல் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் எஸ்டிஏ3 தொடங்குவது 4198400-ஆவது செக்டாரில். பின்னரும் அதே எண் இருக்க வேண்டும். முடிவு மட்டும் நகர வேண்டும். இது சரியாக இருந்தால் ஒத்திகைத் தேர்வை நீக்கிவிட்டு அதே கட்டளையை ஓட்டுங்கள்.

வட்டில் இருப்பது ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையாக இருந்தால் இன்னொரு நுட்பம் உண்டு. ஜிபிடி தன் அட்டவணையின் இரண்டாம் நகலை வட்டின் கடைசியில் வைத்திருக்கும். வட்டு வளர்ந்ததும் அந்த நகல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் ‘பார்ட்டட்’ கருவியைத் திறந்தவுடன், எல்லா இடமும் பயன்படுத்தப்படவில்லை, சரிசெய்யலாமா என்று அது கேட்கிறது. அந்தச் செய்தியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘ஃபிக்ஸ்’ என்று விடையளித்தால் நகல் புதிய கடைசிக்கு நகர்த்தப்படும். ‘எஸ்ஜிடிஸ்க் -இ’ கட்டளையும் இதையே செய்யும். க்ரோபார்ட் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

எம்பிஆர் என்ற பழைய வகை அட்டவணை கொண்ட வட்டாக இருந்தால் ஒரு தடுப்புச்சுவர் இருக்கிறது. செக்டார் எண்ணை அது 32 பிட்டில் வைப்பதால், 512 பைட் செக்டார்கள் கொண்ட வட்டில் 2 டிபிக்கு மேல் பார்ட்டிஷனை நீட்ட முடியாது. ஹைப்பர்வைசரில் 3 டிபி கொடுத்தாலும் மிச்சம் வீணே. இந்நிலையில் அட்டவணையை ஜிபிடிக்கு மாற்றுவதைவிட, புதிய வட்டொன்றை இணைத்துத் தரவை அதற்கு நகர்த்துவதையே நான் விரும்புவேன். துவக்க நிரலையும் மாற்ற வேண்டிய ஆபத்து அதில் இல்லை.

க்ரோபார்ட் ‘நோசேஞ்ச்’ என்று சொல்லி நின்றுவிட்டால், பெரும்பாலும் அந்தப் பார்ட்டிஷனுக்குப் பின்னால் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. பார்ட்டிஷனை அதற்கு அடுத்திருக்கும் காலியிடத்துக்குள் மட்டுமே நீட்ட முடியும். நடுவிலுள்ளதைத் தாண்டிச் செல்ல முடியாது. இரண்டு வகைகளை அடிக்கடி பார்க்கலாம்.

முதலாவது, பழைய உபுண்டு, டெபியன் நிறுவல்களில் எல்விஎம் இருப்பது எஸ்டிஏ5 என்ற தருக்கப் பார்ட்டிஷனில். அதைச் சுற்றி எஸ்டிஏ2 என்ற நீட்டிப்புப் பார்ட்டிஷன் உறையாக நிற்கும். உறையைப் பெரிதாக்காமல் உள்ளிருப்பது வளராது. ஆகவே முதலில் 2-ஐயும் பிறகு 5-ஐயும் நீட்ட வேண்டும். பார்ட்டட்டின் ‘ரீசைஸ்பார்ட்’ இதற்கு வசதியானது.

இரண்டாவது, எல்விஎம் இல்லாத கணினிகளில் ரூட் பார்ட்டிஷனுக்குப் பின்னால், நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷன் இருப்பது. இதற்கு ‘ஸ்வாப்ஆஃப் -ஏ’ என்று ஸ்வாப்பை நிறுத்தி, அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, ரூட்டை நீட்டிய பின் ஸ்வாப் கோப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். நீக்கிய ஸ்வாப்பின் வரியை, துவக்கத்தில் ஏற்ற வேண்டியவற்றின் பட்டியலான ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ கோப்பிலிருந்து எடுத்துவிடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. டெபியன் வகைகளில் ‘/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம்’ என்ற கோப்பிலும் பழைய ஸ்வாப்பின் யூயூஐடி (தனி அடையாள எண்) எழுதப்பட்டிருக்கக்கூடும். அதையும் திருத்தி ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ என்று ஓட்டாவிட்டால், ஒவ்வொரு துவக்கத்திலும் இல்லாத வட்டுக்காகக் கணினி காத்துக்கொண்டு நிற்கும்.

க்ரோபார்ட்டை நிறுவ முடியாத இடங்களில் ‘எஃப்டிஸ்க்’ கொண்டு பார்ட்டிஷனை நீக்கி, அதே தொடக்கத்தில் மீண்டும் உருவாக்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அட்டவணையிலுள்ள எண்கள் மட்டுமே மாறுவதால் உள்ளேயிருக்கும் தரவுக்கு ஒன்றும் நேராது. ஆனால் தொடக்க செக்டார் இம்மியும் பிசகக் கூடாது. எஃப்டிஸ்க் தானாக முன்வைக்கும் எண்ணை நம்பாமல், நீக்கும் முன் குறித்துவைத்த எண்ணைத் தட்டுங்கள். இறுதியில், இந்தப் பார்ட்டிஷனில் எல்விஎம் அல்லது இஎக்ஸ்டி4-இன் முத்திரை இருக்கிறது, நீக்கிவிடவா என்று அது கேட்கும். அதற்கு ‘என்’ என்பதே விடை. ‘ஒய்’ என்று விடையளித்து எழுதிவிட்டால் அந்தப் பார்ட்டிஷனில் என்ன இருக்கிறது என்று லினக்ஸுக்குத் தெரியாமல் போய்விடும். எழுதிய பின் வட்டு பயன்பாட்டில் உள்ளது என்று கர்னல் மறுத்தால் ‘பார்ட்எக்ஸ் -யூ /டெவ்/எஸ்டிஏ’ என்று கொடுத்துப் புதிய அட்டவணையை ஏற்கச் செய்யலாம்.

நான்காம் அடுக்கு: எல்விஎம்

எல்விஎம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். லக்ஸ் மறையாக்கம் உள்ளவர்கள் முதலில் ‘கிரிப்ட்செட்டப் ரீசைஸ்’ கட்டளைக்குத் திறந்திருக்கும் மறையாக்கச் சாதனத்தின் பெயரைக் கொடுத்து அந்த அடுக்கை நீட்டிக்கொள்ள வேண்டும்.

‘பிவிரீசைஸ் /டெவ்/எஸ்டிஏ3’ என்ற கட்டளை, பார்ட்டிஷன் வளர்ந்ததை எல்விஎம்முக்குத் தெரிவிக்கும். அளவு எதையும் தரத் தேவையில்லை. பார்ட்டிஷன் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். பிறகு விஜிஎஸ் ஓட்டினால், முன்பு காலியாக இருந்த 19 ஜிபியும் புதிதாக வந்த 40 ஜிபியும் சேர்ந்து ஏறத்தாழ 59 ஜிபி காலியென்று காட்டும். எல்விஎம் இடத்தை 4 எம்பித் துண்டுகளாகக் கணக்கிடுவதால், எண்களில் சிறு குறைவு தென்படுவது இயல்பு.

இனி, ‘எல்விஎக்ஸ்டெண்ட்’. வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ‘+100%ஃப்ரீ’ என்று எழுதி மொத்தத்தையும் ரூட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்கின்றன. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வால்யூம் குழுவில் மிச்சமிருக்கும் இடத்தை நாளை எந்த வால்யூமுக்கும் சில நொடிகளில் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெறுவதோ இஎக்ஸ்டி4-இல் கோப்பு முறைமையை இறக்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை, எக்ஸ்எஃப்எஸ்ஸில் நடைமுறையில் முடியாத வேலை. எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுக்கவும் குழுவில் காலியிடம் தேவை. எனவே இன்று தேவையானதை மட்டும் கொடுங்கள்: ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +20ஜி’ என்று எழுதி, பின்னால் தருக்க வால்யூமின் பாதையைச் சேருங்கள். இதில் வருவது பெரிய எழுத்து எல். அது ஜிபி போன்ற அளவுகளை ஏற்கும். சிறிய எழுத்து எல், துண்டுகளின் எண்ணிக்கையையோ விழுக்காட்டையோ ஏற்கும். இரண்டையும் மாற்றி எழுதுவது பரவலான தவறு. இங்கும் கூட்டல் குறி இல்லையென்றால் எண் மொத்த அளவைக் குறிக்கும்.

பாதையை எழுதும்போது ‘/டெவ்/மேப்பர்’ அடைவில் உள்ள பெயரைக் கொடுத்தால் இரட்டைக் கோடுகளைக் கவனியுங்கள். குழுவின் பெயரிலோ வால்யூமின் பெயரிலோ கோடு இருந்தால், அது மேப்பரில் இரண்டாக எழுதப்படும். இரண்டு பெயர்களையும் பிரிக்கும் கோடு மட்டும் ஒற்றையாக இருக்கும். ‘/டெவ்/உபுண்டு-விஜி/உபுண்டு-எல்வி’ என்ற பாதையைக் கொடுத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

ஐந்தாம் அடுக்கு: கோப்பு முறைமை

எல்விஎக்ஸ்டெண்டுடன் சேர்த்த ‘-ஆர்’ தேர்வு, வால்யூமை நீட்டியவுடன் கோப்பு முறைமையையும் நீட்டிவிடும். அதை மறந்திருந்தால் எல்எஸ்பிஎல்கே பெரிய எண்ணையும் டிஎஃப் பழைய எண்ணையும் காட்டும். அப்போது எல்விஎக்ஸ்டெண்டை மறுபடி ஓட்டினால் இன்னும் 20 ஜிபி கூடிவிடும். அதைச் செய்யாமல் கோப்பு முறைமையை மட்டும் நேரடியாக நீட்ட வேண்டும்.

இஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’ கட்டளைக்குச் சாதனத்தின் பாதையைக் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ்’ கட்டளைக்கு, அது ஏற்றப்பட்டுள்ள அடைவைக் கொடுக்க வேண்டும். ரூட்டாக இருந்தால் ஒரு சாய்கோடு மட்டும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ரீசைஸ் மேக்ஸ்’ என்று எழுதி அடைவைச் சேர்க்க வேண்டும். மூன்றையும் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். சேவைகளை நிறுத்தத் தேவையில்லை. எது எந்த வகையென்று தெரியாவிட்டால் ‘டிஎஃப் -டி’ சொல்லும். இங்கே டி பெரிய எழுத்து. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸில் 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் எக்ஸ்எஃப்எஸ்ஸே இயல்பான தேர்வு என்பதால், அந்தக் குடும்பத்தில் ரீசைஸ்2எஃப்எஸ்ஸை ஓட்டிவிட்டுச் சூப்பர்பிளாக் சரியில்லை என்ற செய்தியைக் கண்டு திகைப்பவர்கள் பலர். வட்டுக்கு எந்தக் கேடும் நேரவில்லை, கருவிதான் மாறிவிட்டது.

இஎக்ஸ்டி4-இல் நீட்டிய பிறகும் டிஎஃப் கணக்கில் மொத்தத்துக்கும், பயன்படுத்தியதும் மீதமும் சேர்ந்த தொகைக்கும் இடையே வித்தியாசம் இருக்கும். ரூட் பயனருக்கென 5 விழுக்காடு இடம் இயல்பாகவே ஒதுக்கப்படுவதே காரணம். ரூட் கோப்பு முறைமைக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் 1 டிபி தரவு வால்யூமில் 50 ஜிபி முடங்கிக் கிடப்பது தேவையற்றது. அத்தகைய வால்யூம்களில் மட்டும் ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ என்று ஒதுக்கீட்டை 1 விழுக்காடாகக் குறைக்கலாம்.

மேகக்கணினிகளில், எல்விஎம் இல்லாத எளிய அமைப்பாக இருந்தால், துவக்க அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் நிரல் ஒவ்வொரு துவக்கத்திலும் ரூட் பார்ட்டிஷனையும் கோப்பு முறைமையையும் தானே நீட்டுவது வழக்கம். ஒரு மறுதொடக்கத்தைத் தாங்கக்கூடிய கணினியென்றால், மேலுள்ள எதையும் கையால் செய்ய வேண்டியிராது.

வட்டு முழுவதும் நிரம்பியிருந்தால்

ஒரு பைட்டும் மிச்சமில்லாத நிலையில் பெரிதாக்கும் கருவிகளே ஓடாமல் போகலாம். க்ரோபார்ட் தன் தற்காலிக அடைவை டிஎம்பியில் உருவாக்கப் பார்க்கும். டிஎம்பி ரூட்டிலேயே இருந்தால், இடமில்லை என்று சொல்லி நின்றுவிடும். ‘மவுண்ட் -ஓ சைஸ்=10எம்,ஆர்டபிள்யூ,நோடெவ்,நோசூயிட் -டி டிஎம்பிஎஃப்எஸ் டிஎம்பிஎஃப்எஸ் /டிஎம்பி’ என்று நினைவகத்திலுள்ள சிறு பகுதியை டிஎம்பியின்மேல் ஏற்றிவிட்டால் அது ஓடும்; வேலை முடிந்ததும் ‘யூமவுண்ட் /டிஎம்பி’ என்று இறக்கிவிடலாம். எல்விஎம்மும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் தன் விவரக்குறிப்பின் நகலை ‘/இடிசி/எல்விஎம்’ அடைவின்கீழ் எழுதுவதால் அதே காரணத்தால் மறுக்கலாம். ஜர்னலைச் சுருக்கியோ பொதி மேலாளரின் தற்காலிகக் கோப்புகளை நீக்கியோ சில எம்பிகளை மீட்பதே முதல் வழி. அதற்கும் இடமில்லையென்றால் மட்டும் ‘--ஆட்டோபேக்கப் என்’ என்ற தேர்வைச் சேர்த்து, நகலெடுக்காமல் ஓட்டலாம். முடிந்தவுடன் ‘விஜிசிஎஃப்ஜிபேக்கப்’ கட்டளையால் அந்த நகலை எடுத்துவிடுங்கள்.

இருக்கும் வட்டை நீட்டுவதா, புதிய வட்டைச் சேர்ப்பதா

புதிய வட்டை இணைத்து ‘பிவிகிரியேட்’, ‘விஜிஎக்ஸ்டெண்ட்’ ஆகிய இரண்டு கட்டளைகளால் பழைய குழுவோடு சேர்த்துவிடலாம். பார்ட்டிஷனைத் தொட வேண்டியதில்லை என்பது இதன் கவர்ச்சி. ஆனால் ஒரே கோப்பு முறைமை இரண்டு வட்டுகளில் பரவிக் கிடக்கும்போது, அவற்றில் ஒன்று போனாலும் அந்தக் கோப்பு முறைமை போய்விடும். ஒரு வட்டை மட்டும் மீட்டெடுக்கும் காப்புமுறையும் அங்கே பயன்படாது. எனவே ரூட் வட்டை நீட்ட முடிகிற வரையில் நீட்டுவதே நல்லது. புதிய வட்டைச் சேர்ப்பதானால் அதைத் தரவுக்கென்றே தனியாக வையுங்கள்: தரவுத்தளமோ பதிவேற்றக் கோப்புகளோ அதில் இருக்கட்டும்.

அப்படித் தனி வட்டு வைக்கும்போது பார்ட்டிஷனே போடாமல், ‘பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிபி’ என்று முழு வட்டையும் எல்விஎம்முக்குக் கொடுத்து, அதற்கெனத் தனி வால்யூம் குழு ஒன்றை ‘விஜிகிரியேட்’ கொண்டு உருவாக்குங்கள். அடுத்த முறை இந்த வழிகாட்டியின் மிகக் கடினமான அடுக்கு உங்களுக்கு இருக்காது. ஹைப்பர்வைசரில் எண்ணை மாற்றி, பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட் என்று முடித்துவிடலாம். ஓட்டத்தில் இணைத்த ஸ்கஸி வட்டு கண்ணில் படவில்லையென்றால், ‘/சிஸ்/கிளாஸ்/ஸ்கஸி_ஹோஸ்ட்’ அடைவின்கீழுள்ள ஒவ்வொரு ஹோஸ்டின் ‘ஸ்கேன்’ கோப்பிலும் இடைவெளி விட்டு மூன்று கோடுகளை எழுதினால் கர்னல் தேடிப் பிடிக்கும்.

தருக்க வால்யூமை உருவாக்கி, அதில் கோப்பு முறைமையை அமைத்த பின் எஃப்எஸ்டேப்பில் பதியும்போது எஸ்டிபி என்ற பெயரை எழுத வேண்டாம். வட்டுகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் அந்தப் பெயர் வேறு வட்டுக்குப் போய்விடும். ‘பிஎல்கேஐடி’ காட்டும் யூயூஐடியையோ எல்விஎம் பாதையையோ எழுதுங்கள். ரூட் அல்லாத தரவு வட்டுகளுக்கு ‘நோஃபெயில்’ என்ற தேர்வையும் சேர்த்தால், என்றேனும் அந்த வட்டு இணைக்கப்படாமல் போனாலும் கணினி அவசரநிலைக்குள் சென்று முடங்காமல் துவங்கும். கோப்பைச் சேமித்தவுடன் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ என்று எழுத்துப்பிழைகளைச் சோதித்து, ‘சிஸ்டம்சிடிஎல் டெமன்-ரீலோட்’ கொடுத்து, ‘மவுண்ட் -ஏ’ கட்டளையால் ஏற்றிப் பாருங்கள். எஃப்எஸ்டேப்பில் பிழை இருந்தால் அது மறுதொடக்கத்தின்போது தெரியவருவதைவிட, முனையம் இன்னும் உங்கள் கையில் இருக்கும் இந்த நேரத்தில் தெரிவதே நல்லது.